கழுவிவிட்டுப் போன ஒன்பது பேர்

நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்காரும் மயிலாப்பூர் மாமி ஒருத்தி, தன் வீட்டில் இதற்கு ‘அல்சர்’ என்று பெயர் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் குடிசைகளில் ‘அந்த எடத்து நோவு’ என்பார்கள். இப்படிப் பெயர் சொல்லக் கூசிக் கூசியே பாதிப் பேர் செத்துப்போகிறோம். எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. ஐந்து வாரம் தினமும் மேசைமேல் துணி விலக்கிப் படுத்து எழுந்தவளுக்கு என்ன கூச்சம் மிஞ்சும்?

நான் பச்சையம்மாள். இருளர் சாதி. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பதினெட்டுக் குடிசைகள் வேளச்சேரி ஏரிக்குப் பின்பக்கம் இருந்தன. அப்போது அங்கே வயலும் கோரையும்தான். ஆண்கள் வயலில் எலி பிடிப்பார்கள். அடையாறு பங்களாக்களில் பாம்பு புகுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நான் எட்டாவது வரை படித்தவள், பால்வாடியில் ஆயா வேலை. அதோடு கை வைத்தியமும் செய்வேன். குழந்தைக்கு மாந்தமா, பெண்களுக்கு வெள்ளை படுகிறதா, தீட்டு நிற்காமல் போகிறதா, என் வாசலுக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

நோய் தெரிவதற்கு ஒரு வருடம் முன்னால் எங்கள் பக்கம் ஒரு வேன் வந்தது. கல்யாணமான பெண்களுக்கெல்லாம் கர்ப்பப்பை சோதனை, காசு கிடையாது, மறுநாள் காலை வந்து அழைத்துப்போகிறோம் என்றார்கள். ஒருத்தியும் நகரவில்லை. நான்தான் வீடு வீடாகப் போய்ப் பேசி, என்னையும் சேர்த்து ஒன்பது பேரைக் கிளப்பினேன். “லேடி டாக்டர் விளக்கு வெச்சு உள்ள பார்ப்பாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸ் வேனில் ஏறிக்கொண்டாள்.

உள்ளே பார்ப்பார்கள் என்றதும் எங்களுக்கு ஒரே கவலைதான். சின்ன வயதிலிருந்து பஸ்ஸிலும் கடையிலும் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று சாயங்காலமே கருவேலம்பட்டையை இடித்து அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தேன். படிகாரம் கரைத்தேன். வெள்ளை படுதலுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் கழுவு கஷாயம் அது. ஒன்பது பேருக்கும் சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்தேன்.

“இப்ப ஒரு தபா, காலைல ஒரு தபா, உள்ள வரைக்கும் நல்லா கழுவிக்கினு வாங்க. நாறிக்கினு போய் படுத்தா, இருளச்சிங்க இப்டித்தான்னு சொல்லிடுவாளுங்க” என்றேன்.

எல்லாரும் அப்படியே செய்தார்கள். சோதனை செய்த டாக்டர் முகம் சுளிக்கவில்லை என்று திரும்பி வரும்போது வேனில் ஒரே சிரிப்பு. பத்து நாளில் ஒன்பது பேருக்கும் சீட்டு வந்தது. கெடுதலாக எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. என் கொழுந்தன் பெண்டாட்டி மல்லிகா தன் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கள் குலசாமி கன்னியம்மா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

எனக்கு வந்த சீட்டை நம்பித்தான் நான் நாள் கடத்தினேன். வீட்டுக்காரரோடு இருந்த பிறகு ரத்தம் பட்டது. அப்புறம் தீட்டு இல்லாத நாளிலும் பட்டது. நாற்றத்தோடு தண்ணீர் போனது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்களே, இது சூடுதான் என்று சோற்றுக் கற்றாழையும் கீழாநெல்லியும் தின்றுகொண்டு நாலு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் பால்வாடியில் இடுப்பில் குழந்தையோடு கண் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையைக் கீழே விடாமல் எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் என் புடவையைப் பார்த்துவிட்டு, அப்படியே ஆட்டோ வைத்து அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கேதான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குக் கீழே. வாத்து அலகு மாதிரி இரும்பு ஒன்றை உள்ளே வைத்து விரித்து, விளக்கடித்துப் பார்த்தார். வலி என்று சொல்ல முடியாது, இடுப்பை இறுக்கினால்தான் வலிக்கிறது. பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அரிசி மணி அளவு சதை எடுத்து அனுப்பினார். சதைச் சோதனையின் முடிவு வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பிள்ளைகளில் கடைசி இன்னும் ரெண்டாவதுதான் படித்துக்கொண்டிருந்தது.

முடிவு வந்த அன்று வீட்டுக்காரர் ஆறுமுகமும் கூட இருந்தார். இரண்டாம் கட்டம் என்றார் டாக்டரம்மா. கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்தில் கொஞ்சம் பரவிவிட்டது, ஆபரேஷன் பயன்படாது, கதிர் வைத்துக் கருக்க வேண்டும், பிழைக்க வழி இருக்கிறது என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன்.

“ஒரு கிருமியில ஆரம்பிக்கறது இது. ஆம்பள பொம்பள சேர்க்கையில ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வரும். முக்கால்வாசிப் பேருக்குத் தானா போயிடும். சிலருக்குப் போகாம கருப்பை வாயிலயே தங்கி, வருஷக்கணக்கா இருந்து இப்படி மாறும். சின்ன வயசுல கல்யாணம், நிறைய பிரசவம், கூடவே வேற பால்வினை நோய் இருந்தா ஆபத்து இன்னும் அதிகம்.”

எனக்குப் பதினாலில் கல்யாணம். ஐந்து பிரசவம், தங்கினது மூன்று. வெள்ளை பட்டுக்கொண்டே இருந்தது எத்தனையோ வருடம். அவர் சொன்னதில் ஒன்றுகூட விடாமல் எனக்கு இருந்தது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூன்று வருடம் எங்களை விட்டுவிட்டுத் தனியாகச் செங்கல் சூளையில் கிடந்தவர். நான் அவரைத் திரும்பிப் பார்த்ததை டாக்டரம்மா கவனித்துவிட்டார்.

“யார்கிட்டேருந்து வந்துதுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அதுல சண்டை போட்டு நாளை வீணாக்காதீங்க. வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை தரேன், ரெண்டு பேரும் சாப்பிடணும். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா மறுபடி வந்துடும்.”

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆரம்பித்தார். “எனக்கு இன்னா நோவு கீது? நான் எதுக்கு மாத்திர துன்னணும்?”

“நீ துன்னலன்னா நானும் ஆஸ்பத்திரிக்குப் போவல மாமா. இப்டியே கெடக்கறேன்” என்று மாத்திரையைச் சோற்றுத் தட்டில் வைத்தேன். மாத்திரையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்று முடித்தார். பிறகு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அடுத்த முறை போனபோது வேன்காரர்கள் கொடுத்த சீட்டைக் கையோடு எடுத்துப்போனேன். கோபம்தான். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது, அதற்குள் எப்படி ரெண்டாம் கட்டம் வரும் என்று மேசைமேல் வைத்தேன். டாக்டரம்மா படித்துவிட்டுக் கேட்டார்.

“அன்னிக்குப் போறதுக்கு முன்னாடி உள்ள ஏதாவது ஊத்திக் கழுவினீங்களா?”

கழுவாமலா போவேன்? பட்டை எத்தனை பிடி, படிகாரம் எவ்வளவு, எத்தனை முறை கழுவினோம் என்று பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“பச்சையம்மா, அந்த டெஸ்ட்டுல கருப்பை வாய் மேல இருக்கற அணுக்களை ஒரு குச்சியால வழிச்சு, கண்ணாடித் தகட்டுல தடவித்தான் பார்ப்பாங்க. நீங்க அந்த அணுக்களையே கழுவி விட்டுட்டுப் போயிருக்கீங்க. குச்சியில பெரிசா எதுவும் ஒட்டியிருக்காது. கெட்டது கண்ணுல படலேன்னதும் இல்லைன்னு எழுதிட்டாங்க. எத்தனை பேர் இப்படிக் கழுவிண்டு போனீங்க?”

“ஒம்போது பேரு” என்றேன். என் நோயை அந்த நிமிடம் மறந்தேபோனேன். எட்டுப் பேர் பொய்ச் சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள், அதுவும் என்னால். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. கழுவாமல் வரச் சொல்லாதது வேன்காரர்கள் தப்பு என்றார். நியாயம்தான். ஆனால் அண்டாவைக் கிளறியது என் கை.

கதிர் வைத்தியம் தொடங்க ஒரு சிக்கல் வந்தது. பழங்குடியினருக்கு இலவசம், ஆனால் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். எங்கள் பதினெட்டுக் குடிசையில் ஒருவரிடமும் அது கிடையாது, மனு கொடுத்துக் கொடுத்துக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். “நீங்க இருளர்னு நான் எப்டி நம்பறது?” என்றார் அவர். “பாம்பு புடிச்சுக் காட்டவா சார்?” என்றார் என் வீட்டுக்காரர் கடுப்பாக. கடவுள் காதில் அது எப்படி விழுந்ததோ, இரண்டாம் நாள் கேன்டீன் பக்கம் ஒரே கூச்சல். ஆளுயரச் சாரைப்பாம்பு ஒன்று காய்கறிக் கூடைகளுக்குள் புகுந்திருந்தது. இவர் போய் வாலைப் பிடித்துத் தூக்கி, கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டு, நேராகக் கவுன்டர் முன்னால் வந்து நின்றார். “இது போதுமா சார், இன்னும் வோணுமா?” டாக்டரம்மா ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தார். கடிதம் வேலை செய்ததா, கோணி வேலை செய்ததா, இலவசம் என்று முத்திரை விழுந்தது. இருந்த இருப்பில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கதிர் என்றால் சுடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே தெரியாது. பெரிய மிஷினுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் ஒரு சத்தம், முடிந்தது. அடிவயிற்றில் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார்கள், கதிர் அந்தக் கட்டத்துக்குள் விழ வேண்டும். ஐந்து வாரம் அந்த மையைக் கழுவக் கூடாது என்றார் நர்ஸ். இதைக் கேட்டு நான் சிரித்ததற்குக் காரணம் அவருக்குப் புரிந்திருக்காது. மூன்றாவது வாரம் பேதி பிடுங்கிக்கொண்டது, தோல் கருத்தது, நடந்தால் தள்ளாடும். வீட்டுக்காரர் அப்போதுதான் முதல்முறையாக அடுப்புப் பற்றவைத்தார். அவர் வைத்த கஞ்சி வாயில் வைக்க வழங்காது. நான் முழுசாகக் குடித்தேன்.

கதிர் தொடங்கின வாரத்திலேயே, கைப்பம்பில் தண்ணீர் அடிக்க எல்லாரும் கூடும் நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

“வேன்காரங்க குடுத்த சீட்ட எல்லாரும் கிழிச்சுப் போடுங்க. அது சுத்தப் பொய்யி. நான் குடுத்த கஷாயத்தாலதான் அந்த டெஸ்டு வீணாப் பூட்ச்சு. மறுபடி எடுக்கணும். தப்பு என்னுது” என்றேன்.

என் வைத்தியம் தப்பு என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒரு வருடம் என் வாசலுக்கு ஒரு பிள்ளையைக்கூட யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஒருத்தி அழுதாள், ஒருத்தி திட்டினாள். மல்லிகாதான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

“உனக்கு வந்துச்சு, சரி. அத்த ஏன்க்கா எங்க தலைல கட்ற? உன் வூட்டுக்காரரு சூளைக்குப் போனாரு, கண்ட எடத்துல கெடந்தாரு. என் வூட்டுக்காரரு எங்கயும் போவல. எனக்கு இன்னா கொறச்சல்?”

அறைந்திருப்பேன். கையில் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் பிழைக்கிறேனோ இல்லையோ, இந்த எட்டுப் பேரையும் அந்த மேசையில் ஏற்றாமல் விடுவதில்லை.

ஆஸ்பத்திரியில் தினமும் துணைக்கு ஒரு பெண் வர வேண்டுமாம் என்று ஒரு பொய் சொன்னேன். நோயாளி கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பார்கள்? ஒவ்வொரு நாள் ஒவ்வொருத்தியாக டவுன் பஸ்ஸில் என்னோடு வந்தார்கள். காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டார்கள். அடுத்த முறை வரும்போது கழுவாமல் வந்தார்கள். டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இப்படி ஆறு பேர் முடிந்தது. ஆறு பேருக்கும் புற்று இல்லை. இரண்டு பேருக்குப் பால்வினைக் கிருமி இருந்தது, புருஷனுக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார். ஏழாமவள் குடும்பத்தோடு சூளை வேலைக்குப் போய்விட்டிருந்தாள். “எந்தச் சூளைன்னு எனக்குத் தெரியும்” என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். மேஸ்திரியிடம் என்ன சொன்னாரோ, மூன்றாம் நாள் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கும் கெடுதல் இல்லை.

மல்லிகா மட்டும் என் முகத்தையே பார்க்காமல் இருந்தாள்.

ஐந்து வாரம் முடிந்த பிறகு உள் கதிர் என்று ஒன்று வைத்தார்கள். மெல்லிய குழாய்களைக் கருப்பைக்குள் பொருத்தி, அதற்குள் கதிர் மருந்தை வைத்துவிடுவார்கள். ஒன்றரை நாள் தனி அறையில் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். புரளக் கூடாது. நர்ஸ்கூட ஓடி வந்து ஓடிப்போவார், அவருக்குக் கதிர் பட்டுவிடக் கூடாதே. இதற்கு உண்மையாகவே ஒரு துணை வேண்டியிருந்தது. கொழுந்தனிடம் சொல்லி மல்லிகாவை வரவழைத்தேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தாள். ஒன்றரை நாள் வெளி வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்தாள்.

அங்கே அவளுக்குப் பேச்சுத் துணை அந்த மயிலாப்பூர் மாமி. மாமி சொன்னதை மல்லிகா பிற்பாடு எனக்கு அப்படியே ஒப்பித்தாள். “ரெண்டு வருஷம் முன்னாடியே எங்க டாக்டர் அந்த டெஸ்ட் பண்ணிக்கோங்கோன்னா. பொண்ணு கல்யாணம் ஆகட்டும்னு இருந்துட்டேன். ரங்கநாதன் தெருவுக்குப் பொடவை எடுக்க நாலு தடவை போனேன், இதுக்கு ஒரு தடவை போகலை. எனக்கும் அப்போ ஒண்ணுமே தெரியலடி கொழந்தே, வலியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்காத்துல அவர் ஊரைத் தாண்டினது இல்லை. எனக்கும் வந்துடுத்தே.”

இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தியும் என்னால் முடியாததை மாமி அரை மணியில் செய்துவிட்டாள். குழாயை எடுத்து என்னை வார்டுக்குக் கொண்டுவந்ததும் மல்லிகா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த டெஸ்டு என்னிக்குக்கா?”

மாமி அடுத்த வருடம் போய்விட்டாள். கடைசி வரைக்கும் அவள் வீட்டில் அது அல்சர்தான். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மல்லிகாவின் சோதனை நாளன்று காலை ஏழு மணிக்கே அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். “மேலுக்குக் குளி. உள்ள சொட்டுத் தண்ணி வுடாத. ரெண்டு நாளா புருஷன தள்ளித்தான வெச்ச?”

“வெச்சன்க்கா, வெச்சன். ஊருக்கே கேக்க கத்தாத. இப்டி நாறிக்கினு போய் டாக்டரம்மா எதுர்ல படுக்கணுமா? இன்னா நெனப்பாங்க?”

“நெனச்சிக்கினு போவட்டும். வா” என்றேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். மல்லிகாவின் அணுக்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. புற்று இல்லை. விட்டுவிட்டால் சில வருடத்தில் ஆகலாம். இப்போதே அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். மல்லிகா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. சின்னக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

அன்று என்னையும் உள்ளே விட்டார்கள். அவள் தலைமாட்டில் நின்றேன். டாக்டரம்மா முதலில் புளித்த காடி மாதிரி எதையோ தடவி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் ஒரு கம்பியின் முனையை வைத்தார். காஸ் சிலிண்டரிலிருந்து உஸ் என்று சத்தம் வந்தது. மல்லிகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “கன்னியம்மா, கன்னியம்மா” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை வைத்தார். ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு மாதம் தண்ணீர் போல வடியும், பயப்படாதே, புருஷனோடு சேராதே, எதையும் ஊற்றிக் கழுவாதே என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

மல்லிகா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். மேசையைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றேன்.

“அட ச்சீ! இதுக்கா ரெண்டு மாசமா என் உசுர வாங்கின?” என்று எரிந்து விழுந்தாள்.

“ஆமாண்டி. இதுக்குத்தான்.”